சிக்னலில் திரும்பும்போது யார் யாருக்கு வழிவிட வேண்டும்? ஐதராபாத் சந்திப்புகள் எழுப்பும் கேள்வி

ஐதராபாத்: சாலைச் சந்திப்பில் இடப்புறம் திரும்பும் வாகனங்களின் பாதையை மறித்து நிற்பவருக்கு ஐதராபாத்தில் 1,000 ரூபாய் அபராதம். அதே சந்திப்பில், திரும்பும் வாகனம் சாலையைக் கடக்கும் பாதசாரிக்கு வழிவிடாமல் சென்றால் என்ன நடக்கும்? 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் மாநகரப் போக்குவரத்துக் காவல்துறை முன்னிறுத்திய அபராதங்களில் இந்தக் கேள்விக்கு விடை இல்லை.

சாலை விதிகளில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று, திரும்புபவர் வழிவிட வேண்டும் என்பது. நேராகச் செல்பவர் தன் பாதையிலேயே தொடர்கிறார். திரும்புபவரோ பிறரின் பாதையைக் குறுக்கிடுகிறார். எனவே காத்திருக்க வேண்டிய கடமை அவருடையது. ஆனால் இந்தியாவின் பெருநகரச் சந்திப்புகளில், குறிப்பாக 'ஃப்ரீ லெஃப்ட்' எனப்படும் தடையற்ற இடப்புறத் திருப்பத்தில், இந்தக் கடமை தலைகீழாகியுள்ளது. அங்கே திரும்பும் வாகனத்திற்கே மற்றவர்கள் வழிவிடுகின்றனர்.

நடைபாதைகளும் பாதசாரிகளின் பாதுகாப்பும் குறித்து விதிகள் வகுக்குமாறு மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டுள்ள நிலையில், இந்தத் தலைகீழ் வழக்கம் எவ்வாறு உருவானது, அதைச் சரிசெய்ய என்ன தேவை என்பதை இந்தச் செய்தித் தொகுப்பு ஆராய்கிறது.

'ஆபரேஷன் ரோப்' கூறியது என்ன?

2022-ஆம் ஆண்டு அக்டோபர் 3 முதல் ஐதராபாத்தில் 'ஆபரேஷன் ரோப்' என்ற நடவடிக்கை தொடங்கியது. போக்குவரத்திற்கு இடையூறான வாகன நிறுத்தங்களையும் ஆக்கிரமிப்புகளையும் அகற்றுவதே இதன் நோக்கம். அப்போதைய மாநகரக் காவல் ஆணையர் சி.வி. ஆனந்த் இதனைத் தொடங்கி வைத்தார்.

நிறுத்தக் கோட்டைத் தாண்டி நின்றால் 100 ரூபாய், இடப்புறத் திருப்பத்தை மறித்தால் 1,000 ரூபாய், பாதசாரிகளுக்கு இடையூறாக வாகனத்தை நிறுத்தினால் 600 ரூபாய் என அபராதங்கள் அறிவிக்கப்பட்டன. நகரவாசிகளிடையே பெரிதும் பேசப்பட்ட இந்த மூன்று தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வரிசைமுறை தெளிவாகும்.

பாதசாரிகள் கடக்கும் கோடுகளுக்கு முன்னால் வரையப்பட்டிருப்பதே நிறுத்தக் கோடு. அதைத் தாண்டி நிற்கும் வாகனம், நடந்து செல்பவரின் இடத்தைப் பறித்துக்கொள்கிறது. அதற்கு 100 ரூபாய். இடப்புறத் திருப்பத்தை மறிக்கும் வாகனம், மற்றொரு வாகனத்தின் நேரத்தைப் பறித்துக்கொள்கிறது. அதற்குப் பத்து மடங்கு. இந்த ஏற்பாட்டிற்குள் காவல்துறையின் நோக்கம் வெளிப்படையானது: சந்திப்பில் வாகனங்கள் தேங்கக் கூடாது.

அந்த நோக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இருசக்கர வாகனங்கள் இடைவெளிகளில் எல்லாம் நுழைந்து முன்வரிசையை நிரப்பும் சாலையில், நேராகச் செல்லவிருக்கும் ஒரே ஒரு ஆட்டோ இடப்புற ஓரத்தில் நின்றுவிட்டால் போதும். திரும்பக் காத்திருக்கும் அத்தனை வாகனங்களும் அதன் பின்னால் வரிசை கட்டும். அந்த வரிசை முந்தைய சந்திப்பு வரை நீளவும் கூடும். ஆயினும், தடையின்றித் திரும்பும் வாகனம் யாருக்காகவேனும் நிற்க வேண்டுமா என்ற கேள்வியை இந்த நடவடிக்கை தொடவில்லை.

சட்டம் கூறுவது என்ன?

சிவப்பு விளக்கு எரியும்போது இடப்புறம் திரும்பலாம் என்பது இந்தியாவில் பொது அனுமதி என்றே வாகன ஓட்டிகளில் பலர் நம்புகின்றனர். உண்மையில் அவ்வாறு பொது அனுமதி ஏதும் கிடையாது. சிவப்பு விளக்கு, திரும்புபவர் உட்பட அனைவரையும் நிறுத்துகிறது. பச்சை அம்புக்குறியோ, இடப்புறம் திரும்ப அனுமதிக்கும் அறிவிப்புப் பலகையோ இருக்கும் இடங்களில் மட்டுமே விதிவிலக்கு உண்டு. போக்குவரத்துச் சைகைகளுக்குக் கீழ்ப்படிய வேண்டிய கடமையை மோட்டார் வாகனச் சட்டத்தின் 119-ஆவது பிரிவு விதிக்கிறது.

1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளுக்குப் பதிலாக, 2017 ஜூன் மாதம் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் அறிவிக்கப்பட்டன. பாதசாரிகள், மிதிவண்டி ஓட்டுவோர், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பாதுகாப்பில் ஓட்டுநர் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என அவை வலியுறுத்துகின்றன. சிக்னல் இல்லாத பாதசாரிக் கடவைகளில் வேகத்தைக் குறைத்து, நின்று, வழிவிட வேண்டும் என்றும் கூறுகின்றன.

இந்த ஒழுங்குமுறைகளை மீறுவோருக்கு 500 ரூபாய்க்குக் குறையாத, 1,000 ரூபாய் வரையிலான அபராதத்தை விதிக்க 2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் 177ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. ஆக, வழிவிடும் கடமையும் அதை மீறுவதற்கான தண்டனையும் ஏட்டில் உள்ளன. சந்திப்பில் நிற்கும் காவலரின் கேமராவும் கையடக்கக் கருவியும் பதிவு செய்யும் குற்றங்களோ வேறு: தலைக்கவசம் இன்மை, மூவர் பயணம், எதிர்த்திசைப் பயணம், சிவப்பு விளக்கை மீறுதல். வழிவிடாமையைப் படம் பிடிப்பது கடினம். ஒரு பாதசாரி காலை முன்வைத்துப் பின்வாங்கிய அந்த ஒரு நொடி, எந்தப் புகைப்படத்திலும் குற்றமாகத் தெரிவதில்லை.

சிக்னலின் கணக்கு

சிக்கலின் வேர் ஓட்டுநர்களின் மனப்போக்கில் மட்டும் இல்லை. சிக்னல்கள் இயங்கும் முறையிலும் அது உள்ளது.

உலகின் பல நகரங்களில் நான்கு சாலைச் சந்திப்பு இரண்டு கட்டங்களாக இயங்குகிறது. வடக்கும் தெற்கும் ஒரே நேரத்தில் பச்சை பெறும். பின்னர் கிழக்கும் மேற்கும் பெறும். நேராகச் செல்லும் வாகனங்களுக்கு இணையாகப் பாதசாரிகளும் கடப்பார்கள். அவர்களுக்குக் குறுக்கே வருபவை திரும்பும் வாகனங்கள் மட்டுமே. திரும்புபவர் வழிவிட வேண்டும் என்ற விதி அங்கே உயிர்நாடி. அது இல்லாவிட்டால் அந்த முறையே இயங்காது.

ஐதராபாத்தின் பெரிய சந்திப்புகள் பலவற்றில், சென்னையில் உள்ளதைப் போலவே, ஒரு நேரத்தில் ஒரு சாலைக்கு மட்டும் பச்சை தரப்படுகிறது. அந்தச் சாலையின் வாகனங்கள் நேராகவும் இடப்புறமும் வலப்புறமும் செல்லும். மற்ற மூன்று சாலைகளும் காத்திருக்கும். எதிரே வாகனம் வராததால் வலப்புறம் திரும்புபவர் யாருக்கும் வழிவிடத் தேவையில்லை. வழிவிடுதல் என்ற நாகரிகத்தை நம்பாமல், நேரத்தைப் பங்கிட்டு மோதலைத் தவிர்க்கும் ஏற்பாடு இது.

இந்த ஏற்பாட்டில் பாதசாரிக்கு என்ன கிடைக்கிறது? ஓர் எடுத்துக்காட்டுக்காக, 120 வினாடிகள் கொண்ட சுற்றில் ஒவ்வொரு சாலைக்கும் 30 வினாடிகள் பச்சை என வைத்துக்கொள்வோம். வடக்குச் சாலையைக் கடக்க ஒருவர் காத்திருக்கிறார். அந்தச் சாலைக்கு இரு பாதிகள் உண்டு: சந்திப்பை நோக்கி வாகனங்கள் வரும் பாதி, சந்திப்பிலிருந்து வெளியேறும் பாதி.

வடக்கிற்குப் பச்சை எரியும் 30 வினாடிகளில் வரும் பாதி ஓடுகிறது. வெளியேறும் பாதி காலியாக உள்ளது. மற்ற மூன்று சாலைகளுக்குப் பச்சை எரியும் 90 வினாடிகளில் வரும் பாதி நிற்கிறது. வெளியேறும் பாதியில் ஏதேனும் ஒரு திசையிலிருந்து வாகனங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அதாவது, முழுச் சாலையும் ஒரே நேரத்தில் காலியாகும் வினாடி ஒன்றுகூட இந்தச் சுற்றில் இல்லை. நான்கு சாலைகளுக்கும் இதே நிலைதான்.

சாலை நடுவே பாதுகாப்பாக நிற்க ஒரு திட்டு இருந்தால், பாதசாரி இரண்டு தவணைகளில் கடக்கலாம். வரும் பாதியைக் கடக்க 90 வினாடிகள், வெளியேறும் பாதியைக் கடக்க 30 வினாடிகள். வினாடிக்கு 1.2 மீட்டர் என்பது சாலை வடிவமைப்பில் வழக்கமாகக் கொள்ளப்படும் நடைவேகம். அதன்படி 12 மீட்டர் அகலமுள்ள ஒரு பாதியைக் கடக்க 10 வினாடிகள் போதும். யாரும் யாருக்கும் வழிவிடாமலேயே இது சாத்தியம்.

தடையற்ற இடப்புறத் திருப்பம் பறித்துக்கொள்வது இந்த 90 வினாடிகளையும் 30 வினாடிகளையும்தான். வடக்கிலிருந்து வரும் வாகனங்கள் சிவப்பிலும் கிழக்கே திரும்பிக்கொண்டே இருக்கும். மேற்கிலிருந்து வரும் வாகனங்கள் சிவப்பிலும் வடக்கே திரும்பிக்கொண்டே இருக்கும். ஆகவே வடக்குச் சாலையின் இரு பாதிகளுமே எந்த வினாடியிலும் முழுமையாக நிற்பதில்லை. பாதசாரிகளுக்கெனத் தனிக் கட்டம் இல்லாத சந்திப்பில், ஓட்டுநர் ஒருவர் மனம் வைத்து நின்றாலொழிய, நடந்து கடப்பதற்குச் சட்டப்படியான பாதுகாப்பான நேரம் பூஜ்யம்.

நகரவாசிகள் கையை நீட்டி வாகனங்களை நிறுத்தியபடி கூட்டமாகக் கடப்பது ஒழுங்கீனமாகவே பார்க்கப்படுகிறது. சிக்னலின் கணக்கைப் பார்த்தால், வேறு வழி அவர்களுக்குத் தரப்படவில்லை என்பது புலனாகும்.

யூ-டர்ன் கூட்டிய சுமை

வலப்புறத் திருப்பங்களை மூடி, சற்றுத் தொலைவில் யூ-டர்ன் அமைப்பது ஐதராபாத்தில் பரவலாகக் கையாளப்படும் மற்றொரு உத்தி. சந்திப்பில் சிக்னல் நேரம் மிச்சமாவதும், வாகனங்கள் நில்லாமல் நகர்வதும் இதன் பயன்கள்.

ஆனால் கிளைச் சாலையிலிருந்து வலப்புறம் செல்ல வேண்டியவர், முதலில் இடப்புறம் திரும்பி, பின்னர் யூ-டர்ன் எடுத்தாக வேண்டும். நேற்று வரை வலப்புறம் திரும்பியவர்களும் இன்று இடப்புறம் திரும்புவோரின் எண்ணிக்கையில் சேர்கின்றனர். பாதசாரி கடக்க வேண்டிய அதே வளைவில் வாகன ஓட்டம் அதற்கேற்பக் கூடுகிறது. சிக்னல் அகற்றப்படுவதால் அங்கே இருந்த சிவப்பு விளக்கும் மறைகிறது.

மேம்பாலங்களும் சுரங்கப்பாதைகளும் இதே திசையிலான அடுத்த படி. கே.பி.ஆர். பூங்காவைச் சுற்றியுள்ள ஆறு சந்திப்புகளை சிக்னல் இல்லாதவையாக மாற்றும் 826 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்திற்கு 2024-இல் தெலங்கானா அரசு ஒப்புதல் அளித்தது. ஜூபிலி ஹில்ஸ் செக்போஸ்ட்டும் அவற்றுள் ஒன்று. வாகனத்தில் செல்பவருக்கு நிற்காத பயணம் என்பது வரவேற்கத்தக்க வாக்குறுதி. அந்த நிற்காத சாலையின் மறுபுறம் செல்ல விரும்புபவர் எங்கே, எவ்வாறு கடப்பார் என்பதும் திட்ட வரைபடத்திலேயே முடிவு செய்யப்பட வேண்டியது.

பிற நாடுகளின் அனுபவம்

சிவப்பிலும் திரும்பலாம் என்ற சலுகை அமெரிக்காவில் பரவலானதற்குக் காரணம் எரிபொருள். அங்கே வாகனங்கள் வலப்புறம் செல்வதால், நம் இடப்புறத் திருப்பத்திற்கு இணையானது அவர்களின் வலப்புறத் திருப்பம். 1970-களின் எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து, 1975-ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம் இந்தச் சலுகையை வழங்குமாறு மாநிலங்களை ஊக்குவித்தது. வாகனங்கள் வீணாக நின்று எரிபொருளை எரிக்கக் கூடாது என்பதே வாதம். 1980-களின் தொடக்கத்திலேயே, இந்தச் சலுகைக்குப் பின்னர் பாதசாரிகளும் மிதிவண்டி ஓட்டுவோரும் சிக்கும் விபத்துகள் அதிகரித்ததை ஆய்வுகள் சுட்டிக்காட்டின. நியூயார்க் நகரத்தில் பலகை வைத்து அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர இன்றும் இதற்குத் தடை உள்ளது.

இங்கே ஒரு வேறுபாடு குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவில் இந்தச் சலுகையைப் பயன்படுத்துபவர் முதலில் முழுமையாக நிற்க வேண்டும். பாதசாரிக்கும் பிற வாகனங்களுக்கும் வழிவிட்ட பின்னரே திரும்பலாம். நம்மைப் போலவே இடப்புறம் வாகனம் ஓட்டும் சிங்கப்பூரிலும், அதற்கான பலகை உள்ள சந்திப்புகளில் மட்டும், நின்று வழிவிட்ட பின்னரே சிவப்பில் இடப்புறம் திரும்ப முடியும். இந்தியாவில் 'ஃப்ரீ' என்ற சொல்லே நிற்கத் தேவையில்லை என்ற பொருளைத் தந்துவிட்டது.

வலப்புறத் திருப்பத்திலும் சிங்கப்பூரின் அனுபவம் கவனிக்கத்தக்கது. எதிரே வரும் வாகனங்களுக்கு இடைவெளி பார்த்து, ஓட்டுநர் தன் கணிப்பின்படி திரும்பும் முறை அங்கே நீண்ட காலம் இருந்தது. 2018 ஏப்ரலில் கிளமெண்டியில் அவ்வாறு திரும்பிய டாக்சி ஒன்று காருடன் மோதியதில், டாக்சியில் பயணித்த பல்கலைக்கழக மாணவி உயிரிழந்தார். அதன் பின்னர், சிவப்பு, மஞ்சள், பச்சை அம்புக்குறிகளைக் கொண்ட தனி சிக்னல்களை மேலும் பல சந்திப்புகளில் அமைக்கும் பணியை அந்நாட்டுப் போக்குவரத்து ஆணையம் விரைவுபடுத்தியது. தவறக்கூடிய கணிப்பை ஓட்டுநரிடமிருந்து விளக்கிற்கு மாற்றும் முடிவு அது.

பிரிட்டன் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. 2022 ஜனவரி 29 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட நெடுஞ்சாலை விதித்தொகுப்பு, ஓட்டுநர் திரும்பும் சாலையைக் கடந்துகொண்டிருப்பவருக்கு மட்டுமின்றி, கடக்கக் காத்திருப்பவருக்கும் வழிவிட வேண்டும் என்கிறது. அதிகத் தீங்கு விளைவிக்கக்கூடிய வாகனத்தை ஓட்டுபவருக்கே அதிகப் பொறுப்பு என்பது அதன் அடிப்படை. சாலை வடிவத்தை மாற்றாமல் கடமையின் வரிசையை மாற்றிய முயற்சி இது.

இழப்பு யாருக்கு?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள்; 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். இவை அனைத்தும் சந்திப்புகளில் நேர்ந்தவை அல்ல. எனினும் உயிரிழப்போரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் நடந்து சென்றவர் என்பது, வழிவிடும் கடமை யாருடைய உயிரைக் காக்கிறது என்பதைக் காட்டுகிறது.

பேருந்திலிருந்து இறங்கி மறுபுறம் செல்லும் பணியாளர், பள்ளி முடிந்து வரும் மாணவர், மருத்துவமனைக்குச் செல்லும் முதியவர் ஆகியோரே இந்த வளைவுகளில் காத்து நிற்பவர்கள். நடை மேம்பாலத்தின் படிகளில் ஏற இயலாதவர்களும் அவர்களில் உண்டு. வாகனத்தில் செல்பவரும் இறங்கிய மறுகணம் பாதசாரியே.

உச்ச நீதிமன்றமும் அடுத்த படியும்

சாலைப் பாதுகாப்பு தொடர்பான இந்த வழக்கின் தொடக்கம் தமிழ்நாட்டில் உள்ளது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தாக்கல் செய்த பொதுநல மனு, இன்றளவும் சாலைப் பாதுகாப்பு குறித்த உத்தரவுகளுக்கு அடித்தளமாக உள்ளது. தடையற்ற நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் அங்கம் என இவ்வழக்கில் 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தெரிவித்தது. தொடர்ந்து அக்டோபர் 7 அன்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ), 210டி ஆகிய பிரிவுகளின் கீழ் ஆறு மாதங்களுக்குள் விதிகளை வகுக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. முன்னது பாதசாரிகளின் நடமாட்டம் குறித்தது. பின்னது தேசிய நெடுஞ்சாலைகள் அல்லாத சாலைகளின் வடிவமைப்புத் தரம் குறித்தது.

நடைபாதை சந்திப்போடு முடிந்துவிடுகிறது. அதன் பின் வரும் சில மீட்டர் தூரத்தில்தான் வழிவிடும் கடமை தொடங்குகிறது. எனவே மாநில விதிகள் நடைபாதையின் அகலத்தோடு நின்றுவிட்டால் பணி பாதியிலேயே நிற்கும்.

செய்யத்தக்கவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. இடப்புறத் திருப்பம் அனுமதிக்கப்படும் இடங்களின் பலகையில், நின்று பாதசாரிக்கு வழிவிட்டுத் திரும்பவும் என்ற வாசகம் சேர்க்கப்படலாம். நெரிசல் மிகுந்த சந்திப்புகளில் இந்தச் சலுகையை நீக்கி, இடப்புறத்திற்கும் பச்சை அம்புக்குறி அமைக்கலாம். திரும்பும் வளைவைக் குறுகலாக்கினால் வேகம் தானாகவே குறையும். வளைவிற்கும் பிரதான சாலைக்கும் இடையே திட்டு அமைத்தால், பாதசாரி முதலில் ஒரு தடத்தை மட்டும் கடந்து நின்றுகொள்ளலாம். மருத்துவமனை, பள்ளி, பேருந்து நிலையம் ஆகியவற்றை ஒட்டிய சந்திப்புகளில் அனைத்து வாகனங்களையும் நிறுத்தும் பாதசாரிக் கட்டம் தேவை. 24 மீட்டர் சாலையைக் கடக்க 20 வினாடிகள் என்றால், 120 வினாடிச் சுற்றில் அது ஆறில் ஒரு பங்கு. இந்த விலையைத் தர மறுக்கும் சந்திப்பில், அந்த நேரத்தை நடந்து செல்பவர் தன் பாதுகாப்பை ஈடாக வைத்துப் பெறுகிறார்.

ஓட்டுநரின் நற்பண்பை மட்டும் நம்பியிருப்பதன் வரம்பும் தெளிவானது. பாதசாரிக்காக நிற்கும் ஒரு காரின் பின்னால் பத்து ஒலிப்பான்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. பின்னால் வருபவர் எதிர்பாராத நிறுத்தம் மோதலில் முடியவும் கூடும். நிற்பது விதி என்பதைப் பலகையும் விளக்கும் சாலைக் கோடும் அறிவித்தால் மட்டுமே, நிற்பவர் தவறு செய்தவராகத் தோன்ற மாட்டார்.

இடப்புறத் திருப்பத்தை மறிப்பவருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்க ஐதராபாத்தால் முடிந்தது. நகரம் அதைக் கவனித்தது, பேசியது. அந்தத் திருப்பத்தில் வழிவிடாதவரையும் அதே கண்டிப்புடன் நடத்துவதற்கான சட்டம் ஏற்கெனவே உள்ளது. எந்தச் சந்திப்பில் அதை முதலில் நடைமுறைப்படுத்துவது என்பதே மாநகர நிர்வாகமும் காவல்துறையும் எடுக்க வேண்டிய முடிவு.